நீ வாசிக்காமல் விட்ட வரி

தம்பி,

எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஏறியும் இறங்கியும் போகின்றன. இரண்டு இடத்தில் பேனை தாளைக் கிழித்தும் விட்டது. ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை பேனையையும் அதே பலத்தோடு பிடிக்கிறது. எங்கள் ரீச்சர் எத்தனை தரம் சொல்லியும் பிடியைத் தளர்த்த வரவில்லை. வாசிக்கக் கஷ்டப்படுவாய், மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்கிற மன்னிப்பு இது ஒன்றுதான்.

ஓம், எழுதுவது நான்தான். ரீச்சர் எழுதித் தரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து எழுதுவிக்கவும் இல்லை. எழுபத்துநாலு வயதில், பத்து மாதம் படித்து, என் கையால் எழுதுகிறேன். மேலே உள்ள ஐந்தாறு வரிக்கு ஒரு காலை முழுக்கப் போய்விட்டது. கோபத்தோடுதான் மேசைக்கு வந்தேன். ஆனால் ஒரு 'ஞ' ஒழுங்காக வந்து உட்கார்ந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "திட்டி எழுதப் போறன் எண்டு சொல்லிப்போட்டு என்ன பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். எழுதித் திட்டுவதில் உள்ள சுகம் அவளுக்கு விளங்காது. போனில் நான் வாய் திறந்தால், "அப்பா, உது உங்களுக்கு விளங்காது" என்று நீ நடுவில் பாய்வாய். இதில் பாய முடியாது. நான் முற்றுப்புள்ளி வைக்கும்வரை நீ பேசாமல் இருக்கத்தான் வேண்டும்.

கொழும்பு பஸ்ஸில் நீ கொடுத்துவிட்ட கடித உறை செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே ஒரு படிவம். நான் எங்கே விரல் வைக்கவேண்டும் என்று நாலு இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தாய். அதோடு, கடதாசியில் சுற்றி, ஒரு சின்ன மைப்பெட்டி. பெருவிரலுக்கு மை! இந்த வீட்டில் மை இருக்காது என்று நினைத்து அதையும் காசு கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாய். அன்று பின்னேரம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை.

"அப்பா, புள்ளடி போட்ட இடமெல்லாம் விரலை வைச்சு வெள்ளிக்கிழமைக்குள்ளை திருப்பி அனுப்புங்கோ."

"உதிலை என்னடாப்பா எழுதியிருக்கு?"

"பழைய பத்திரம் மாதிரித்தான். புது நிதியம் ஒண்டு. பத்து வருஷம் விட்டியள் எண்டால் மூண்டு மடங்கு."

"பத்து வருஷத்திலை எனக்கு எண்பத்துநாலு."

"அப்ப ராசா மாதிரி இருப்பியள்."

நான் "ஓம்" என்றேன். நீ சந்தோஷமாகப் போனை வைத்தாய். நீ கதைத்துக்கொண்டிருந்த நேரம் அந்தப் படிவம் என் மடியில்தான் இருந்தது. முதல் பக்கத்தை நான் அப்போதே வாசித்து முடித்திருந்தேன். எங்கள் பழைய நிதியத்தில் கிடக்கிற இருபது இலட்சத்தையும், அம்மாவின் பெயரில் வங்கியில் உள்ள ஏழு இலட்சம் நிலையான வைப்பை உடைத்து வருகிற காசையும் சேர்த்து, முழுவதையும் ஒரு புதிய பங்கு நிதியத்தில் போடுவதற்கான படிவம் அது. எனக்கும் அம்மாவுக்கும் இந்த உலகத்தில் உள்ளது அவ்வளவுதான். நான் இனித் தோட்டம் செய்ய முடியாது. அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். சோறும் மருந்தும் மின்சாரக் காசும் அதற்குள்ளிருந்துதான் வரவேண்டும். இதற்கு நீ நாலு புள்ளடியும் ஒரு மைப்பெட்டியும் அனுப்பியிருக்கிறாய்.

இதன் தொடக்கத்தை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் நாலு பரப்புக் காணியை, இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த ஆமி திருப்பி விட்டபோது, அங்கே கிணறு மட்டும்தான் இருந்தது. வீடு இருந்த இடத்தில் மரம் வளர்ந்திருந்தது. நாங்கள் அதற்குள் திருநெல்வேலியில் அம்மாவின் சீதன வீட்டில் ஊன்றிவிட்டோம். திரும்பிப் போய்க் குடியிருக்க வயது இல்லை என்று அந்தக் காணியை விற்றோம். இருபத்துநாலு இலட்சம் வந்தது. கடைசிக் காலத்துக்கு அதுதான் என்று நானும் அம்மாவும் பேசி வைத்தோம். நீ அப்போதுதான் யூனிட் டிரஸ்ட் விற்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தாய். பலருடைய காசைச் சேர்த்து ஒரு கம்பனி பங்கும் கடன்பத்திரமும் வாங்கும், போட்ட காசுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் அலகுகள் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினாய். நல்ல விளக்கம். அதில் நான் பிழை சொல்லமாட்டேன்.

பிறகு படிவத்தின் தமிழ்ப் பக்கத்தை எடுத்து, காற்றாடிக்குக் கீழே கதிரையில் இருந்து, எனக்கு வாசித்துக் காட்டினாய். அங்கேதான் நீ ஒரு பிழை விட்டாய், தம்பி. எழுதப் படிக்கத் தெரியாதவனைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அவனுக்கு ஞாபகம்தான் புத்தகம். நீ வாசித்தது ஒவ்வொரு வரியும், எங்கே மூச்சு விட்டாய் என்பது உட்பட, எனக்குள் அப்படியே இருந்தது. தோட்டத்தில் குத்தகை பேசினாலும் சீட்டுக் கட்டினாலும் நான் அப்படித்தான் தப்பிப் பிழைத்தேன். எங்கள் சாதிப் பிள்ளைகளை வாங்குப் பலகையில் இருக்க விடாத காலத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான். இரண்டு நாள் தரையில் இருந்தேன். மூன்றாம் நாள் அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு காதால் கேட்டதை வைத்துத்தான் என் சீவியம் முழுக்க ஓடியது.

நீ விரலைப் பிடித்து மையில் அழுத்தினாய். இருபத்துநாலு இலட்சமும் பங்குக்குப் போனது. அடுத்த வருஷம் நாடு படுத்துவிட்டது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் சனம் நாள்க்கணக்கில் வரிசையில் நின்றது. எங்கள் காசு பதினாலுக்குக் கீழே போய்விட்டது என்று நீ சொன்னாய். பத்து இலட்சம் எங்கே போனது என்று கேட்டேன். எங்கும் போகவில்லை, விலை விழுந்திருக்கிறது, பிறகு ஏறும் என்றாய். நாலு பரப்புக் காணியில் ஒன்றரைப் பரப்பு காணாமல் போகுமா? பாதிக் கிணறு காணாமல் போகுமா? யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சொல்லிவிடுகிறேன், நீயே எடுத்துவிட்டாய் என்றும் ஒரு கிழமை நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. "முழுக்க எடடா" என்று போனில் கத்தினேன். "விடுங்கோ அப்பா, ஏறும்" என்று நீயும் கத்தினாய். கடைசியில் பாதி அலகுகளை விற்பித்தேன். வந்த ஏழு இலட்சத்துக்குக் குறைவான காசோடு கையில் இருந்ததையும் சேர்த்து அம்மாவின் பெயரில் வங்கியில் போட்டேன். மிச்சப் பாதி, நீ மறித்தபடியால் அங்கேயே கிடந்தது. அந்தப் பாதிதான் இன்றைக்கு இருபது இலட்சம்.

அப்படி என்றால் நீ சொன்னதுதான் சரி. நான் விற்காமல் விட்டிருந்தால் இன்று நாற்பது. இதை நீ சொல்லாத இடம் இல்லை. உன் மச்சானின் கலியாண வீட்டில், பந்தியில் எனக்கு எதிரே இருந்துகொண்டு, "எங்கடை அப்பா பங்கையும் வெங்காயம் எண்டு நினைச்சு, விலை விழுந்த உடனை வித்துப்போட்டார்" என்றாய். பந்தி முழுக்கச் சிரித்தது. பாயாசம் ஊற்ற வந்த பெடியனும் வாளியோடு நின்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து கைகால் கழுவமுன்னம் அம்மாவிடம் சொன்னேன்: "அந்த வாசிகசாலையிலை வயது போன ஆக்களுக்குப் படிப்பிக்கினமாம். நாளைக்கு நான் போறன்."

அங்கே படிப்பிக்கிறவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற கறுப்புச் சப்பாத்தோடு கிழமை நாளும் வருவார். அரிவரிப் புத்தகம் அவர் தருவதில்லை. "உங்கடை வீட்டிலை, எப்பவாவது வாசிக்கவேணும் எண்டு ஆசைப்பட்ட ஒரு கடதாசி இருக்கும். அதைக் கொண்டு வாங்கோ" என்பார். ஒருவர் காணி உறுதி கொண்டுவந்தார். ஒருத்தி பேத்தியின் கலியாணக் காட் கொண்டுவந்தாள். நான் அலுமாரி லாச்சிக்குள் இருந்து உன் பழைய படிவத்தின் பிரதியைக் கொண்டுபோனேன். அதைப் பார்த்த ரீச்சர், "ஐயா, இது எனக்கே கொஞ்சம் கடினம்" என்றார். நான் விடவில்லை. எழுத்துப் பழகி ஏழு மாதம் ஆன பிறகு, நீ அன்று வாசித்துக் காட்டிய அந்தத் தமிழ்ப் பக்கத்தை மட்டும் மூன்று கிழமை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் வரும்போது உன் குரல் எனக்குள் கூடவே வந்தது. தெரிந்த ஆட்களைச் சந்தையில் காண்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வரியில் குரல் வரவில்லை.

"என்ன ஐயா, நிண்டிட்டியள்?"

"ரீச்சர், இந்த வரி அண்டைக்கு இருக்கேல்லை."

"அச்சடிச்ச வரி எங்கை போய்ட்டு வரும்?"

"மகன் வாசிக்கேக்கை இருக்கேல்லை."

ரீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப மகனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ," என்று சொல்லிவிட்டு, "திருப்பி வாசியுங்கோ, சத்தமாய்" என்றார். வாசித்தேன். அலகுகளின் விலை ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். போட்ட தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதற்கு மேல் வரியை வாசித்தாய். அதற்குக் கீழ் வரியை வாசித்தாய். இதைத் தாண்டிப் போனாய். கண் தவறியது என்று சொல்லாதே. அந்த இடத்தில் நீ ஒருமுறை இருமினாய்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாக வாசி. பங்கு விழுந்ததற்கு நான் உன்னில் கோபப்படவில்லை. விழும். வெங்காயமும் விழும். ஆனால் விழும் என்று தெரிந்து நட்டவன் விழுந்த அன்று நெஞ்சைப் பிடிப்பானே தவிர, களவு போய்விட்டது என்று கத்தமாட்டான். அந்த வரியை நீ வாசித்திருந்தால் நான் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். எவ்வளவு விழும், ஏற எத்தனை வருஷம் எடுக்கும்? அதற்கு நீ தெரியாது என்று சொல்லியிருப்பாய். அப்போது நான் பாதியைத்தான் போட்டிருப்பேன், போட்ட பாதியையும் பயந்து விற்றிருக்கமாட்டேன். நீ என்னை முழுக்கப் போடப் பண்ணினாய், பிறகு என் பயம் பாதியை விற்கப் பண்ணியது. இரண்டுக்கும் காரணம் நீ வாசிக்காமல் விட்ட அந்த வரி. கலியாண வீட்டில் நீ சிரிப்புக் காட்டியது உன் கைவேலையைத்தான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அப்பனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

நீ எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் வெங்காயம் நல்ல விலை போனது. வழமையாக நான் குத்தகைத் தோட்டத்தில் ஒரு பக்கம் புகையிலை, ஒரு பக்கம் மரவள்ளி, மிச்சத்தில்தான் வெங்காயம் நடுவேன். அந்த வருஷம் முழுத் தோட்டத்திலும் வெங்காயம் நட்டேன். விதை வெங்காயம் வாங்க அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்தேன். அவளிடம் என்ன சொன்னேன்? விலை ஏறினால் கொடியையும் மீட்டு, இரண்டு காப்பும் செய்விக்கலாம் என்று சொன்னேன். விழுந்தால் என்ன என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, நான் சொன்னதே முழுவதும் என்று நம்பினாள். நான் கிண்டி எடுக்கிற கிழமை வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கி, விலை விழுந்தது. நாலு வருஷம் அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு திரிந்தாள். கயிறு ஏன் என்று நீ கேட்டபோது, கொடி அறுந்துவிட்டது, தட்டாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று உனக்கும் பொய் சொன்னாள். ஆகவே நல்ல பாதியை மட்டும் சொல்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் போகத் தேவையில்லை. அதற்கு நான் அம்மாவிடம்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும், முந்தநாள் கேட்டும்விட்டேன். "முப்பது வருஷம் கழிச்சோ? மீனுக்குப் புளி கரைச்சு வையுங்கோ" என்றாள். உன் பக்கத்தில் இதனால் ஒன்றும் குறையவில்லை. நான் பிழை செய்தவன் என்பதால் நீ செய்தது சரி ஆகாது. வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருக்கலாம்.

இனி அந்தப் புதிய படிவம். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தேன். உள்ளே போகும்போதே ஒரு கட்டணம் கழிக்கப்படும், அதில் ஒரு பங்கு முகவருக்குப் போகும் என்று இருக்கிறது. முகவர் என்ற இடத்தில் உன் பெயரை நீயே எழுதி வைத்திருக்கிறாய். பழைய நிதியத்திலேயே கிடந்தால் உனக்குப் புதிதாக ஒன்றும் வராது, மாற்றினால் வரும். இதைப் போனில் சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லைப் போலும். நீ கேட்டிருந்தால் அந்தக் காசை நான் கையிலேயே தந்திருப்பேன். கேட்கிறதற்கு வெட்கமா? அப்பனின் விரலை மையில் அழுத்த வெட்கம் இல்லையா?

எழுத்துத் தெரிந்த பிறகு நான் எல்லாவற்றையும் யோசித்தேன். பங்கு நீண்ட காலத்தில் வெல்லும் என்கிறாய், இருக்கலாம். உனக்கு நாற்பத்திரண்டு வயது, நீண்ட காலம் உன்னிடம் உண்டு. என்னிடம் உள்ளது மிச்சக் காலம். விழுந்தால் ஏறும்வரை காத்திருந்து சாப்பிட முடியாது. முழுவதையும் வங்கியில் பூட்டி வைத்தால் சுகம் என்று அம்மா சொல்கிறாள். அதுவும் சரி இல்லை. நாடு படுத்த வருஷத்தில் வைப்பில் இருந்த காசு ஒரு ரூபாயும் குறையவில்லை, ஆனால் அரிசி மூட்டை விலை கேட்டவுடன் அந்தக் காசு சின்னதாகிவிட்டது. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து ஒன்று இருக்கிறது. எதைத் தாங்க முடியும் என்பதை, தாங்கப் போகிறவன்தான் சொல்லவேண்டும். அதைத்தான் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன் படிவத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். நான் அன்று காலை பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் உள்ள உங்கள் கம்பனிக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிள்ளையிடம், பழைய நிதியத்தில் இருந்து பன்னிரண்டு இலட்சத்தை அரசாங்கக் கடன்பத்திரம் வாங்குகிற நிதியத்துக்கு மாற்றவேண்டும் என்றேன். அவள் ஒரு படிவம் எடுத்து, கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, மைப்பெட்டியை முன்னால் தள்ளினாள்.

"ஐயா, இதிலை விரலை வையுங்கோ."

"பேனையைத் தாங்கோ பிள்ளை. நான் எழுதுவன்."

"எங்களிட்டை பதிஞ்சு கிடக்கிறது உங்கடை கைரேகை ஐயா. கையெழுத்துக்கு மாத்த எண்டால் சமாதான நீதவானிட்டைக் கடிதம் எடுத்து வரவேணும். இண்டைக்குச் செய்ய எண்டால் விரல்தான்."

எப்படி இருந்திருக்கும் என்று யோசி. பத்து மாதம் படித்துவிட்டுப் போய், மறுபடியும் அந்த மை. திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, விரல் வைப்பது என்றால் வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லி, அந்த இடத்திலேயே நின்று வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது, சத்தமாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "ஐயா, எனக்கு பஸ் போகப்போகுது" என்றார். "அடுத்த பஸ் இருக்கு தம்பி" என்றேன். இன்னொருவர், "பெரியவர் தேவாரம் படிக்கிறாரோ?" என்றார். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பு என்னில் ஒட்டவில்லை. விலை ஏறவும் கூடும் இறங்கவும் கூடும் என்ற வரி வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"அது எல்லாப் படிவத்திலையும் இருக்கிற வரிதான் ஐயா" என்றாள் அந்தப் பிள்ளை.

"ஓம் பிள்ளை. எல்லாத்திலையும் இருக்கு" என்றேன்.

விரலை நானே மையில் வைத்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு இலட்சம் அங்கே போனது. அம்மாவின் ஏழு இலட்சம் வங்கியில் அப்படியே இருக்கிறது. மிச்ச எட்டு இலட்சத்தைப் பங்கிலேயே விட்டேன். ஏன் என்று யோசித்துத் தலையை உடைக்காதே, சொல்லிவிடுகிறேன். அம்மா எனக்கு ஒன்பது வயது இளையவள். நான் போன பிறகும் அவளுக்கு ஒரு நீண்ட காலம் இருக்கிறது. நீ சொல்கிற அந்த ஏற்றம் வந்தால், அது அவளுக்கு வரட்டும். வியாழன் இரவே அவளுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன், எல்லா வரியையும். "விழுந்தால்?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தரம் கேட்டாள். விழுந்தாலும் மிச்சத்தில் சாப்பிடலாம் என்று காட்டினேன். "அப்ப விடுங்கோ" என்றாள்.

அந்தப் பிள்ளை தந்த படிவத்திலும் முகவர் பெயர் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. அதற்கு விரல் தேவையில்லை, எழுதலாம் என்றாள். பேனையை வாங்கி, 'இல்லை' என்று எழுதினேன். கந்தோர் ஒன்றில் என் கையால் எழுதிய முதல் சொல் அது. கோட்டிலேயே நின்றது.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். எனக்குப் போன் எடுக்காதே, எடுக்கமாட்டேன். சொல்ல இருப்பதை எழுதி அனுப்பு, முழுவதையும் எழுது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த கிழமையும் என்னிடமிருந்து ஒன்று வரும். நாற்பது வருஷத்துக் கோபம் சேர்ந்து கிடக்கிறது, இப்போதுதான் அதை எழுத எனக்கு எழுத்துகள் கிடைத்திருக்கின்றன.

அப்பா